பயம் போயிட்டா என் வேலைத் திறமையும் போயிடுமா டாக்டர்?

தங்கச்சி,

உங்க லெட்டர முழுசா படிச்சேன். இத படிக்கப்போற மத்தவங்களுக்கும் விஷயம் புரியணும், அதனால அடையாளம் தெரியாத அளவுக்கு ஒண்ணு ரெண்ட மாத்திட்டு, நீங்க எழுதினத சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வரேன்.

உங்களுக்கு 34 வயசு, வடசென்னை காலடிப்பேட்டைல வீடு, பாரீஸ் கார்னர்ல ஒரு கிளியரிங் ஏஜென்சி, அதாவது இறக்குமதி சரக்க கஸ்டம்ஸ்லேர்ந்து எடுத்துக் குடுக்கற ஆபீஸ்ல டாக்குமென்டேஷனுக்கு நீங்கதான் இன்சார்ஜ். நைனா ஹார்பர்ல லோடிங் வேலை பார்த்தவரு, வீட்ல மொத டிகிரி நீங்கதான், தம்பிய படிக்க வெச்சதும் தங்கச்சி கல்யாணத்த முடிச்சதும் நீங்கதான். முதலாளி "அந்தப் பொண்ணு கைல குடுத்துட்டா வேலை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்"ங்கறாரு, அம்மா "நீ இருக்கசொல்ல எனக்கு இன்னாடி கவலை"ங்கறாங்க. வெளில இருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியறது இவ்ளோதான்.

உள்ள நடக்கறது வேற. ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கு முழிப்பு வந்துடுது, அன்னிக்கு ஃபைல் பண்ண பில் ஆஃப் என்ட்ரில, அதான் இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற டாக்குமென்ட்ல, சரக்கு என்ன வகைன்னு சொல்ற ஹெச்எஸ் கோடு சரியா போட்டோமான்னு மண்டைக்குள்ள ஓடுது, எழுந்து ஹால்ல உக்காந்து போன்ல அந்த பிடிஎஃப்ப திறந்து பார்க்கறீங்க, சரியாத்தான் இருக்கு, மறுபடி படுக்கறீங்க, இப்ப வேற ஃபைல் ஞாபகம் வருது. காலைல கெளம்பறதுக்குள்ள நாலு தடவை பாத்ரூம் போறீங்க. போன மாசம் மெட்ரோ தண்டையார்பேட்டை கிட்ட தரைக்குக் கீழ இறங்கினதும் நெஞ்சு அடிச்சுக்கிட்டு, கை விரல் மரத்துப்போயி, இதோ செத்துடப்போறோம்னு பயந்து வண்ணாரப்பேட்டைல இறங்கி ப்ளாட்ஃபார்ம்ல உக்காந்துட்டீங்க. அப்புறம் முகத்த கழுவிட்டு ஆபீஸ் போயி பதினோரு மணி மீட்டிங்க நீங்களே நடத்தியிருக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியாது. ஈசிஜி எடுத்ததுல நார்மல், கேஸ் ட்ரபிள்னு அனுப்பிட்டாங்க. கூட வேலை பார்க்கறவங்க குடுத்த ஒரு சின்ன மாத்திரைல பாதிய இப்ப தெனமும் ராத்திரி போட்டுக்கறீங்க. கேள்வி மூணு கேட்டிருக்கீங்க. இது வியாதியா இல்ல எல்லாருக்கும் இருக்கற டென்ஷனா, வீட்ல சொல்லலாமா, அப்புறம் கடைசில ரெண்டே வரி: "இந்தப் பயம் இருக்கறதாலதான் நான் தப்பு பண்ணாம இருக்கேன். இது போயிட்டா நானும் சோடை போயிடுவேனோன்னு அதுவும் பயமா இருக்கு டாக்டர்."

பதிலுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். லெட்டர் நடுவுல, அடுத்த விஷயத்துக்குப் போற அவசரத்துல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "சில நாள் எல்லாரும் தூங்கினப்புறம் அப்படியே காணாம போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது"ன்னு. இத நான் தாண்டிப் போக மாட்டேன். ரொம்ப களைச்சுப் போனவங்களுக்கு இப்படித் தோணும், தோணினதே தப்புன்னு நான் சொல்லல, ஆனா அந்தக் காணாம போறது எப்பவாவது செத்துப்போறதுன்னு ஆகுதா, எப்படின்னு யோசிக்கற அளவுக்குப் போகுதா, மாத்திரை அட்டைய கைல எடுத்து எண்ணிப் பார்த்தீங்களா, நேர்ல வந்திருந்தா நான் இததான் மொதல்ல கேட்டிருப்பேன். ஆமான்னா மிச்சத்த அப்புறம் படிச்சுக்கலாம், இப்பவே 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச கவர்மென்ட் சர்வீஸ், காசு கெடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பக்கத்துல தூங்கற வீட்டுக்காரரையும் எழுப்புங்க, ராத்திரி ரெண்டரை மணியா இருந்தாலும் எழுப்புங்க. அந்த அளவுக்கு இல்ல, வெறும் களைப்புதான்னா மேல படிங்க.

உங்க மூணாவது கேள்விலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுக்கு வழி கெடைக்காம மத்த ரெண்டுக்கும் நான் என்ன சொன்னாலும் நீங்க செய்ய மாட்டீங்க. வெளில நல்லா ஓடிக்கிட்டு உள்ள பயந்துக்கிட்டு இருக்கறவங்க என் ரூமுக்கு வர்றப்போ பாதிப் பேரு இந்த சந்தேகத்தோடதான் வராங்க, குணமாகணும்னும் வேணும், குணமாகிட்டா என்ன ஆவோமோன்னும் பயம். அதனாலயே ட்ரீட்மென்ட்ட தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க, வருஷக் கணக்கா.

உங்க வேலைய வெச்சே பார்க்கலாம். நீங்க தப்பு பண்ணாம இருக்கறது எந்த நேரத்துல? பகல்ல, டேபிள்ல, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி குடுக்கற பி.எல். ரசீது மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு ஐட்டமா டிக் அடிச்சுக்கிட்டு வர்றீங்களே அந்த நேரத்துல. பத்துப் பன்னெண்டு வருஷமா கை பழகினது அது, எந்தச் சரக்குக்கு எந்தக் கோடு, எந்த இம்போர்ட்டர் எங்க சொதப்புவாருன்னு உங்களுக்கு அத்துப்படி. ராத்திரி ரெண்டரைக்கு வர்ற பயம் இருக்கே, அது வர்றப்போ ஃபைல் பண்ணி முடிஞ்சாச்சு, சிஸ்டத்துல ஏறியாச்சு, நம்பரும் விழுந்தாச்சு. வேலை முடிஞ்சு ஏழெட்டு மணி நேரம் கழிச்சு வர்ற ஒண்ணு எப்படி அந்த வேலைய செஞ்சிருக்க முடியும்? நம்ம மணலி ரோட்ல பார்த்திருப்பீங்க, கண்டெய்னர் லாரி போனா தெரு நாய் கொலைச்சுக்கிட்டே பின்னாடி ஓடும், லாரி அது பாட்டுக்கு எண்ணூர் போயிடும், நாய் தான்தான் வெரட்டினோம்னு தெம்பா திரும்பி வரும். உங்க பயமும் தெனமும் இததான் பண்ணுது, ஒரு கஷ்டமும் வராத நாளோட பெருமைய எல்லாம் அதுவே எடுத்துக்குது, உழைச்ச உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கறதில்ல.

"ஆனா ஒரு தடவை ராத்திரி பார்த்ததுல நெஜமாவே தப்பு கண்டுபிடிச்சேன், மறுநாள் திருத்தம் போட்டு சரி பண்ணேன்"னு எழுதியிருக்கீங்க. சரி. அந்த ஒரு தடவைதான் இந்த ராத்திரி செக்கிங் பழக்கத்த இத்தனை நாளா ஓட்டிக்கிட்டு இருக்கு. எப்பவாவது ஒரு தடவை பலன் குடுக்கற பழக்கத்தத்தான் மூளை லேசுல விடாது, தெனமும் பலன் கெடைக்கற பழக்கத்த விடவும் இது கெட்டியா ஒட்டிக்கும். போதாததுக்கு ஒவ்வொரு தடவை பிடிஎஃப்ப திறந்து சரியா இருக்குன்னு பார்த்ததும் ஒரு அஞ்சு நிமிஷம் நிம்மதியா இருக்குல்ல, அந்த நிம்மதிதான் மூளைக்குக் கூலி. செக் பண்ணா நிம்மதி கெடைக்கும்னு கத்துக்கிட்டு நாளைக்கும் அதே நேரத்துக்கு எழுப்பி விடுது. அதனால நீங்க எவ்ளோ செக் பண்றீங்களோ அவ்ளோ சந்தேகம் வளரும், கொறையாது.

பயமே வேணாம்னும் நான் சொல்லல. உங்க தொழில்ல பயத்துக்கு நெஜமான காரணம் இருக்கு, பில் ஆஃப் என்ட்ரி லேட்டானா மொதல் மூணு நாளுக்கு நாளைக்கு 5,000 ரூபா, அதுக்கு மேல நாளைக்கு 10,000, சரக்க எடுக்க லேட்டானா கட்டற டெமரேஜ் தனி, பார்ட்டி போன்ல கத்துவாரு. இதுல கொஞ்சம் உஷாரா இருக்கறது தேவைதான். 1908லயே யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எலிய வெச்சு காட்டினாங்க, கஷ்டமான வேலைய கத்துக்கறப்போ தூண்டுதல் ஓரளவு வரைக்கும்தான் உதவி பண்ணும், அளவு மீறினா அதுவே வேலைய கெடுக்கும்னு. நீங்களே ஒரு இடத்துல எழுதியிருக்கீங்க, இப்பல்லாம் ஒரே பாராவ மூணு தடவை படிக்க வேண்டியிருக்கு, ஜூனியர் பையன் கிட்ட காரணமே இல்லாம எரிஞ்சு விழறேன், ஒரு மெயில் அனுப்ப முக்கா மணி நேரம் ஆகுதுன்னு. அப்ப யாரு யாரோட வேலைய கெடுக்கறாங்க, பாருங்க.

ட்ரீட்மென்ட் எடுத்து நல்லானவங்க சோம்பேறி ஆகி நான் பார்த்ததில்ல. அவங்களுக்கு மாறினது வேற, தூங்க ஆரம்பிச்சாங்க, சனிக்கிழமை சாயந்திரம் பசங்களோட உக்காந்து டிவி பார்த்தாங்க, வேலைய ஆபீஸ்லயே விட்டுட்டு வந்தாங்க. கவனம் அப்படியேதான் இருந்துச்சு, சில பேருக்கு கூடவே ஆச்சு.

இப்ப மொத கேள்வி. லெட்டர வெச்சு நான் வியாதி பேரு சொல்லக்கூடாது, நேர்ல பார்க்கற டாக்டர்தான் சொல்லணும். நெட்ல படிச்ச 'ஹை ஃபங்ஷனிங் ஆங்சைட்டி' உங்களுக்கு அப்படியே பொருந்துதுன்னு எழுதியிருக்கீங்க, அது டாக்டருங்க வெச்சிருக்கற வியாதி லிஸ்ட்ல கெடையாது, ஆனா அதுல சொல்ற கஷ்டம் நெஜம். எங்க லிஸ்ட்ல இருக்கறது பொதுவான பதற்ற நோய், ஆறு மாசமாவது முக்கால்வாசி நாள் கட்டுப்படுத்த முடியாத கவலை, அதோட அமைதியில்லாம இருக்கறது, சீக்கிரம் களைச்சுப் போறது, கவனம் நிக்காம போறது, எரிச்சல், கழுத்து தோள்பட்டை இறுக்கம், தூக்கக் கெடுதல், இதுல கொறைஞ்சது மூணு இருந்தா அதுவா இருக்கலாம்னு பார்ப்போம். உங்க லெட்டர்ல கிட்டத்தட்ட எல்லாமே இருக்கு. மெட்ரோல நடந்தது கேக்கறதுக்கு பேனிக் அட்டாக்னுதான் தெரியுது. வேலைக்குப் போறாங்களே, குடும்பத்த நடத்தறாங்களே, அப்ப வியாதியா இருக்காதுன்னு ஒரு தப்புக் கணக்கு ஜனங்க கிட்ட மட்டும் இல்ல, சில டாக்டருங்க கிட்டயும் இருக்கு. வேலை ஓடுதான்னு மட்டும் பார்த்தா போதாது, அத ஓட்டறதுக்கு உள்ள எவ்ளோ செலவாகுதுன்னும் பார்க்கணும்.

ஒரு சின்ன வேலை முடிச்சுடுங்க. வெயிட் கொறைஞ்சிருக்கு, கை நடுங்குதுன்னு சொல்றீங்க, தைராய்டு ஜாஸ்தியா சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மை வரும், ரத்தம் கம்மியா இருந்தாலும் நெஞ்சு அடிச்சுக்கும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்தத்துக்கு ஹீமோகுளோபின், ரெண்டு டெஸ்ட்டும் பார்த்துடுங்க. ஆபீஸ்ல ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கறேன்னு எழுதியிருக்கீங்க, அத ரெண்டாக்குங்க, மத்தியானத்துக்கு மேல வேணாம். ஒரே நாள்ல நிறுத்தினா தலைவலி வரும், வாரத்துக்கு ஒண்ணுன்னு கொறைங்க.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க கேக்கல, ஆனா பதில நீங்களே எழுதியிருக்கீங்க. நைனா ராத்திரி வர்றப்போ கதவு தொறக்கற சத்தத்த வெச்சே இன்னிக்கு வேலை கெடைச்சுதா இல்லியா, குடிச்சிருக்காரா இல்லியான்னு கண்டுபிடிச்சுடுவேன், எட்டு வயசுலயேன்னு. அந்தக் கொழந்தைக்கு ராத்திரில முழிச்சுக்கிட்டு காத கூர்மையா வெச்சுக்கறது தேவைப்பட்டுச்சு, அது அன்னிக்கு வீட்டக் காப்பாத்துச்சு. நம்ம ஏரியால வளர்ந்த நெறைய பேருக்கு உடம்பு இப்படித்தான் பழகியிருக்கு, தண்ணி லாரி எப்ப வரும், மழை வந்தா வீட்டுக்குள்ள எவ்ளோ ஏறும், ராத்திரி வீசற நாத்தம் எந்த ஃபேக்டரியோடதுன்னு எப்பவும் எதையாவது கவனிச்சுக்கிட்டே. 2023 டிசம்பர்ல பாருங்க, ஒரே மாசத்துல புயல், வெள்ளத்தோட வந்த கச்சா எண்ணெய், மாசக் கடைசில அமோனியா கசிவுன்னு எண்ணூர்ப் பக்கம் ஜனங்க நடுராத்திரில கொழந்தைங்கள தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அந்த மாதிரி இடத்துல இருந்து வந்தவங்கள பார்த்து "ஓவரா யோசிக்காத, பாசிட்டிவா இரு"ன்னு சொல்றது எனக்குக் கோவம் வர வைக்கற விஷயம். நீங்க யோசிக்கறது உங்க கொழுப்பு இல்ல, கத்துக்கிட்டது. கத்துக்கிட்டத இப்ப தேவையில்லாத இடத்துல விடறதுக்குக் கத்துக்கலாம்.

இன்னொன்னும் எழுதியிருக்கீங்க, மொத இன்டர்வியூல வீடு எங்கன்னு கேட்டப்போ "பாரீஸ் பக்கம்"னு சொன்னீங்கன்னு, இன்னிக்கும் புதுசா வர்ற மேனேஜர் கேட்டா அப்படித்தான் சொல்றீங்கன்னு, ஒரு நாள் "இவளும் அந்த ஏரியாதானா"ன்னு தெரிஞ்சுடும்னு உள்ள ஓடிக்கிட்டே இருக்குன்னு. 1978ல பாலின் க்ளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளருங்க நல்லா சாதிச்ச பொண்ணுங்கள பத்தி எழுதினாங்க, எவ்ளோ மார்க், எவ்ளோ பதவி வந்தாலும் 'நான் ஏமாத்திக்கிட்டு இருக்கேன், ஒரு நாள் மாட்டுவேன்'னு நம்பறாங்கன்னு. உங்களுக்கும் அது இருக்கு. ஆனா உங்க விஷயத்துல பாதிதான் உள்ள இருக்கு, மீதி பாதி வெளில இருக்கு. வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டைன்னு சொன்னதும் எதிர்ல உக்காந்திருக்கறவங்க மூஞ்சி மாறுறத நீங்க கற்பனை பண்ணிக்கல, அது நெஜமாவே நடக்குது, அந்த வெக்கத்த சொமக்க வேண்டியவங்க அவங்கதான். எல்லார் கிட்டயும் சொல்லுங்கன்னு நான் கட்டாயப்படுத்தல. ஆபீஸ்ல நம்பிக்கையான ஒரு ஆள் கிட்ட மட்டும் ஒரு தடவை "நான் காலடிப்பேட்டை"ன்னு சாதாரணமா சொல்லிப் பாருங்க. சொன்னா என்ன ஆகும்னு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு, சொன்னப்புறம் என்ன ஆச்சுன்னு கீழ எழுதுங்க.

இந்த எழுதி வெச்சுப் பார்க்கறதுதான் ட்ரீட்மென்ட்டோட முக்கியமான பகுதி. காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, சுருக்கமா சிபிடி, பொதுவா வாரத்துக்கு ஒரு தடவைன்னு மூணு நாலு மாசம் போகும், சைக்காலஜிஸ்ட் கூட உக்காந்து செய்யறது. அதுவரைக்கும் ரெண்டு விஷயம் நீங்களே ஆரம்பிக்கலாம். ஒண்ணு, ராத்திரி போன் ஹால்லயே சார்ஜ்ல இருக்கட்டும், அலாரத்துக்கு தனியா கடிகாரம் வாங்குங்க. முழிப்பு வந்தா வரட்டும், பிடிஎஃப் மட்டும் திறக்க வேணாம், அந்த சந்தேகத்த ஒரு நோட்ல ஒரே வரி எழுதிட்டுப் படுங்க, காலைல ஆபீஸ் சிஸ்டத்துல பார்த்துக்கலாம். மொத நாலஞ்சு ராத்திரி ரொம்ப கஷ்டமா இருக்கும், தாங்கவே முடியாதுன்னு தோணும், அது சரியான வழில போறதோட அடையாளம்தான். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் ஒரு இருபது நிமிஷம் கவலைக்குன்னே ஒதுக்கி அந்த நோட்ட எடுத்து உக்காருங்க, இதுல நாளைக்கு என் கையால செய்யக்கூடியது எதுன்னு பிரிங்க, செய்ய முடியாதத அடிச்சுடுங்க. பாதி சந்தேகம் சாயந்திரம் படிக்கறப்போ உங்களுக்கே புரியாது.

இன்னொன்னு மெட்ரோ. அந்த நாள் நடந்தது என்னன்னா, பயத்துல நீங்க வேகவேகமா மூச்சு வாங்கியிருக்கீங்க, அதனால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறையும், அது கொறைஞ்சா விரல் மரத்துப்போகும், தலை சுத்தும், அத பார்த்து இன்னும் பயந்தா இன்னும் வேகமா மூச்சு. பேனிக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு அப்புறம் தானாவே இறங்கிடும், நீங்க ஒண்ணும் பண்ணலன்னாலும் இறங்கும். ஆனா நீங்க வண்ணாரப்பேட்டைல இறங்கிட்டதால, இறங்கினதுதான் நம்மள காப்பாத்துச்சுன்னு மூளை எழுதி வெச்சுக்கிச்சு. அப்புறம் ரெண்டு வாரமா பஸ் பார்க்கறேன், ஷேர் ஆட்டோல போறேன்னு எழுதியிருக்கீங்க, இது இப்படியே வளர்ந்தா நாளைக்கு பஸ்ஸும் முடியாம போகும், அதனால சீக்கிரம் திரும்பி ஏறிடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டம் இல்லாதப்போ வீட்டுக்காரர் கூட காலடிப்பேட்டைல ஏறி மண்ணடி வரைக்கும் போங்க. நெஞ்சு அடிச்சுக்கிச்சுன்னா அடிச்சுக்கட்டும், இறங்காதீங்க, மூச்ச இழுக்கறத விட விடறத மெதுவா நீளமா விடுங்க. அடுத்த வாரம் அவர் அடுத்த பெட்டில இருக்கட்டும். அதுக்கப்புறம் தனியா. ஒருவேளை நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவற மாதிரி, வேர்த்துக் கொட்டற மாதிரி புதுசா ஏதாவது வந்தா அது வேற, உடனே ஆஸ்பத்திரி.

மாத்திரை. பேரு அல்பிரசோலம்னு எழுதியிருக்கீங்க. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத ஹெச் 1 லிஸ்ட்ல இருக்கற மருந்து அது, ஃப்ரெண்டு கிட்டேர்ந்து வாங்கிப் போட வேண்டிய மருந்தே கெடையாது. போட்ட அரை மணி ஒரு மணி நேரத்துல அமைதி வரும், அதுதான் அதுல இருக்கற ஆபத்தும், சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு அதுக்குப் பழகிடும், அப்புறம் பாதி பத்தாது. ஆனா இத படிச்சுட்டு பயந்து இன்னிக்கு ராத்திரியே தூக்கிப் போடாதீங்க, தெனமும் போட்டவங்க திடீர்னு நிறுத்தினா பதற்றம் ரெண்டு மடங்கா திரும்பும், சில பேருக்கு வலிப்பே வரலாம். டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் கொறைக்கணும். அவங்க தேவைன்னு நெனைச்சா எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் மாதிரி மருந்து எழுதுவாங்க, அது அடிமையாக்கற வகை இல்ல, ஆனா வேலை செய்ய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், மொத வாரம் வயித்த பெரட்டும், பதற்றம் லேசா கூடவும் செய்யலாம். அந்த மொத வாரத்துல 'எனக்கு ஒத்துக்கல'ன்னு விட்டவங்கதான் அதிகம். விடாதீங்க, டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க. நல்லானதும் நீங்களா நிறுத்தவும் கூடாது, அதுக்கப்புறமும் ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் போட வேண்டியிருக்கும்.

வீட்ல சொல்லலாமான்னு கேட்டீங்க. எல்லாருக்கும் வேணாம், ஒருத்தருக்கு சொல்லுங்க. உங்க லெட்டர படிச்ச வரைக்கும் வீட்டுக்காரர் கெட்டவர் இல்ல, அவருக்கு நீங்க ஸ்ட்ராங்கான ஆளுன்னு மட்டும்தான் தெரியும், ஏன்னா நீங்க அததான் காட்டியிருக்கீங்க. மனசு, டிப்ரஷன், ஆங்சைட்டின்னு பெரிய வார்த்தையெல்லாம் எடுக்காதீங்க, நடக்கறத சொல்லுங்க. "ஏங்க, தெனமும் ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துடறேன், நெஞ்சு படபடங்குது, ஒரு நாள் மெட்ரோலேர்ந்து பாதியில இறங்கிட்டேன், டாக்டர பார்க்கணும், நீங்க கூட வரணும்"னு. அவ்ளோதான். அவர் மொதல்ல "உனக்கா?"ம்பாரு, அதுக்கு நீங்க பதில் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம், எந்த நாள் போலாம்னு மட்டும் கேளுங்க.

அம்மா கிட்ட இப்போதைக்கு வேற மாதிரி ஒண்ணு மாத்தணும். ஞாயித்துக்கிழமை தெருவுல இருக்கறவங்க எல்லாம் ரேஷன் கார்டு திருத்தம், ஸ்கூல் அட்மிஷன், பென்ஷன் ஃபாரம்னு உங்க வீட்டு வாசல்ல நிக்கறாங்க, அம்மா பெருமையா உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கறாங்க, நீங்க சாப்பிடாம எழுதித் தர்றீங்க. நல்ல காரியம், நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, நம்ம தெருக்கள்ல படிச்ச ஒருத்தர் இருக்கறது எவ்ளோ பேருக்கு ஒதவின்னு எனக்குத் தெரியும். ஆனா நேரம் வைங்க. காலைல பத்துலேர்ந்து பதினொண்ணு, அதுக்கு மேல அடுத்த வாரம். மொத தடவை "இன்னிக்கு முடியாது ஆயா, அடுத்த ஞாயிறு வாங்க"ன்னு சொல்றப்போ வயிறு கலங்கும், அந்த ஆயா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, நெனைச்சாலும் அடுத்த ஞாயிறு வருவாங்க. தம்பியும் படிச்சவருதான, ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் அவர் எழுதட்டும்.

சைக்கியாட்ரிஸ்ட் கிட்ட போனா தெரிஞ்சுடும், 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு பேசுவாங்கன்னு எழுதியிருக்கீங்க. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794லேர்ந்து இந்த ஊரு ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கற இடம், அந்தப் பேர ஒருத்தர கேவலப்படுத்த உபயோகப்படுத்தறது எவ்ளோ பேர ட்ரீட்மென்ட் எடுக்க விடாம தடுத்திருக்குன்னு நெனைச்சா எனக்கு வருத்தமா இருக்கு. உங்களுக்கு அங்க போகத் தயக்கம்னா பக்கத்துலயே ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, காலைல போனா பார்க்கலாம், தைராய்டு, ரத்த டெஸ்ட்டும் அங்கயே எடுத்துக்கலாம். தனியார்ல போறதா இருந்தாலும் சரிதான். உங்க ஆபீசுக்கு யாரும் தகவல் குடுக்க மாட்டாங்க, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்க வைத்திய விவரத்த ரகசியமா வெச்சுக்க வேண்டியது டாக்டரோட கடமை, முதலாளி வந்து கேட்டாலும் உங்க சம்மதம் இல்லாம சொல்லக்கூடாது. மெடிக்கல் லீவு லெட்டர் தேவைப்பட்டா அதுல எந்த அளவுக்கு விவரம் எழுதணும்னு டாக்டர் கிட்ட பேசிக்கலாம்.

போறப்போ அந்த ஈசிஜி பேப்பரையும் மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. எத்தனை நாளா போடறீங்க, பாதியா முழுசா, எந்த நாளாவது ரெண்டு போட்டீங்களான்னு மறைக்காம சொல்லுங்க. நீங்க எனக்கு எழுதின இந்த லெட்டரையே ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்தாலும் போதும், டாக்டர் முன்னாடி உக்காந்ததும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சிரிச்சுட்டு எழுந்து வர்ற பழக்கம் உங்களுக்கு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அந்தக் காணாம போகற வரி மட்டும் அதுல விட்டுப் போகாம பார்த்துக்கங்க.